விட்ட அன்று விழுந்துவிடுமோ?

வாசகியின் கடிதம்:

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு, எனக்கு வயது 41. பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். என்னோடு இருக்கும் அப்பாவுக்கு 69 வயது. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் பழைய காரின் எண்ணான 4718-ஐ 27 வருடங்களாக நாலு நம்பர் குலுக்கலில் விடாமல் எடுத்து வருகிறார். எடுக்கத் தொடங்கிய மறு வருடமே, நான் மூன்றாம் படிவத்தில் பி.எம்.ஆர். தேர்வு எழுதிய சமயத்தில், அதற்கு மூன்றாம் பரிசு விழுந்து 1,000 வெள்ளி (ரிங்கிட்) கிடைத்தது. அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. அதன் பிறகு ஒரு நம்பர் ஐந்தாகிவிட்டது. அம்மா இறந்த தேதி, அவர் கடைசியாக இருந்த வார்டும் கட்டிலும் சேர்ந்த எண், பாலத்துக்குப் போகும் வழியில் கவிழ்ந்து கிடந்த லாரியின் எண், கனவுக்கு நம்பர் சொல்லும் படப் புத்தகத்தில் பார்த்த எண் ஆகிய நான்கும் சேர்ந்துகொண்டன. புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் ஒவ்வொரு எண்ணுக்கும் 6 வெள்ளி கட்டுகிறார். முடிவுகளை நோட்டில் எழுதி, தம் எண்ணோடு மூன்று இலக்கம் அதே இடத்தில் ஒத்து வந்தாலும், நான்கு இலக்கமும் இடம் மாறி வந்தாலும் சிவப்பு மையால் வட்டமிடுகிறார். போன மாதம் மட்டும் ஏழு வட்டம். "பார், பக்கத்துலயே வந்துக்கிட்டு இருக்கு" என்கிறார். எனக்கே அந்த நோட்டைப் பார்த்தால் அதில் ஏதோ இருப்பதுபோல் தோன்றுகிறது. இத்தனை வருடம் முதல் பரிசு விழாதது இனி விழவே விழாது, அது செத்த நம்பர் என்று சண்டை போட்டேன். "நான் எடுக்காத அன்னைக்குத்தான் அது விழும்" என்று சொல்லி அழுதுவிட்டார். கடன் வாங்கவில்லை, ஆனாலும் கையில் இருக்கும் ஓய்வுப் பணம் கரைகிறது. இது பேராசையா, நோயா? அவருக்கு எப்படிப் புரியவைப்பது? ஏ.டி.எம். அட்டையை நான் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பா அழுதுகொண்டே சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் மீண்டும் மீண்டும் படித்தேன். பேராசை பிடித்தவர் விழப்போகும் பணத்தைப் பற்றிப் பேசுவார். அந்தப் பணத்தில் என்ன வாங்கலாம், யாருக்கு என்ன செய்யலாம் என்று கணக்குப் போடுவார். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு சொல்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. அவர் பேசுவதெல்லாம் தாம் இல்லாத நாளில் நடந்துவிடக்கூடிய ஒன்றைப் பற்றி. அவரை வாரா வாரம் நம்பர் கடைக்கு இழுத்துச் செல்வது ஆசையைவிட அச்சம்தான் என்று நான் நினைக்கிறேன். அச்சத்தோடு இருப்பவரிடம் ஆசையைக் கண்டிக்கும் பேச்சைப் பேசினால் அது அவர் காதில் ஏறாது என்பதால், இந்த வேறுபாட்டை நீங்கள் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மனத்தின் போக்கைப் பேசுவதற்கு முன்பு உடலைப் பற்றி ஒன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அப்பாவுக்குக் கை நடுக்கமோ நடையில் தடுமாற்றமோ இருந்து, பார்க்கின்சன் நோய் என்று மருந்து சாப்பிட்டு வருகிறாரா? அந்த நோய்க்குத் தரப்படும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் செய்யும் வேலையைத் தாமே செய்பவை. அவற்றைச் சாப்பிடும் சிலருக்கு, அதுவரை இல்லாத சூதாட்ட வேகம் திடீரென்று தலைதூக்குவது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த பக்கவிளைவு. அப்படியொரு மருந்து இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே இந்த மாற்றத்தைச் சொல்லுங்கள். அதேபோல, பேச்சிலும் பழக்கத்திலும் ஆளே மாறிவிட்டதுபோல் தெரிந்தால், அதாவது முன்பிருந்த கூச்சமோ அக்கறையோ மறைந்து கண்மண் தெரியாமல் செலவழித்தால், மூளையின் முன்பகுதியைப் பாதிக்கும் ஒருவகை மறதி நோயின் தொடக்கமாகவும் அது இருக்கலாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் அப்பா அப்படித் தெரியவில்லை. முன்பிருந்த அதே ஆளாக, ஒழுங்காக, நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். இருந்தாலும் அவருடைய அடுத்த கிளினிக் சோதனையின்போது இதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இனி அந்த நோட்டுக்கு வருவோம். உங்களையே அது அசைத்திருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் நிலையைப் புரிந்துகொள்ள அதுவே உங்களுக்கு வழி. நான்கு இலக்கக் குலுக்கலில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள் இருக்கின்றன. ஒரு குலுக்கலில் முதல் மூன்று பரிசுகள், பத்து ஸ்பெஷல் பரிசுகள், பத்து ஆறுதல் பரிசுகள் என்று 23 எண்கள் வெளியாகின்றன. இப்போது 4718-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நான்கு இலக்கங்களையும் இடம் மாற்றினால் 4781, 4178, 8714 என்று இன்னும் 23 எண்கள் கிடைக்கும். மூன்று இலக்கத்தை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றினால் 4719, 4318, 9718 என்று 36 எண்கள் கிடைக்கும். அப்பாவின் வட்டமிடும் விதிப்படி, உண்மையாகவே விழ வேண்டிய எண் ஒன்றுதான். "பக்கத்தில் வந்தது" என்று கணக்கில் சேரும் எண்களோ 59. ஐந்து எண்களுக்கும் சேர்த்தால் ஏறக்குறைய 295. பத்தாயிரத்தில் 295 எண்கள் வலையாக விரிந்திருக்க, ஒவ்வொரு குலுக்கலிலும் 23 எண்கள் அந்த வலையின் மீது வந்து விழுகின்றன. கணக்குப் போட்டால், எந்த மர்மமும் இல்லாமல், ஏறக்குறைய இரண்டு குலுக்கலுக்கு ஒன்றில் அவர் ஒரு வட்டமாவது போட்டாக வேண்டும்; ஒரே குலுக்கலில் இரண்டு, மூன்று விழுவதையும் சேர்த்தால் மாதத்துக்கு எட்டு அல்லது ஒன்பது. நீங்கள் எண்ணியது ஏழு. எண்கள் அவர் எண்ணை நெருங்கி வருவதாக அவர் நம்பிய அந்த மாதத்தில், சராசரியைவிடச் சற்றுக் குறைவாகத்தான் வட்டங்கள் விழுந்திருக்கின்றன.

இந்தக் கணக்கு மனத்தில் எளிதில் ஒட்டாததற்குக் காரணம் இருக்கிறது. ஒழுங்கைத் தேடுவது மனித மூளையின் இயல்பான வேலை. கூட்டத்தில் தெரிந்த முகத்தைக் கண்டுபிடிப்பதும், இருமல் சத்தத்தை வைத்து வந்திருப்பவர் யாரென்று சொல்வதும் அந்தத் திறத்தால்தான் நடக்கின்றன. அந்தத் திறம், ஒழுங்கே இல்லாத இடத்திலும் ஓய்ந்திருப்பதில்லை. தொடர்பற்றவற்றில் தொடர்பைக் காணும் இந்தப் போக்கை ஜெர்மானிய மனநல மருத்துவர் கிளவுஸ் கொன்ராட் 1958-இல் அப்போஃபெனியா என்று பெயரிட்டு எழுதினார். கடுமையான மனநோயின் தொடக்கத்தில் தாம் கண்டதைத்தான் அவர் விவரித்தார். ஆனால் அதன் மென்மையான வடிவம் நம் எல்லோரிடமும் உண்டு. விபூதித் தட்டில் எண் தெரிவதும், விபத்துக்குள்ளான வண்டியின் எண்ணை அன்று மாலையே பலரும் தேடிப் போய் எடுப்பதால் கடையில் அந்த எண் முடிந்துபோவதும் நம் ஊரில் யாரும் பார்க்காதவை அல்ல. அந்த எண்ணைக் குலுக்கும் இயந்திரத்துக்கு லாரி கவிழ்ந்தது தெரியாது. நம் மனத்தில் பதிந்த காட்சி எவ்வளவு அழுத்தமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது நடக்கும் வாய்ப்பும் பெரிதாகத் தோன்றிவிடுகிறது.

சிவப்பு வட்டத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2009-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் லூக் கிளார்க்கும் அவருடைய குழுவினரும், சூதாட்ட இயந்திரத்தைப் போன்ற ஒரு விளையாட்டை ஆடுகிறவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மயிரிழையில் தவறிய ஆட்டம், ஆடியவருக்குச் சாதாரணத் தோல்வியைவிடக் கசப்பாகவே இருந்தது. ஆனால் அதே தருணத்தில், வெற்றி பெறும்போது வேலை செய்கிற மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டன. மேலும் ஆட வேண்டும் என்ற விருப்பமும் கூடியது. அந்த விருப்பம், தாமே தேர்ந்தெடுத்து ஆடியபோது மட்டுமே கூடியது. கணினி தேர்ந்தெடுத்துக் கொடுத்தபோது கூடவில்லை. ஒன்று தள்ளி விழுந்த 4719 உங்கள் அப்பாவுக்கு வேதனை தருகிறது, அந்த வேதனையே அடுத்த புதன்கிழமைக்கு அவரைத் தயார்ப்படுத்துகிறது. அவர் நோட்டில் எழுதுவது தோல்விகளின் பட்டியல். அதை அவருடைய மூளை முன்னேற்றத்தின் பட்டியலாகப் படிக்கிறது.

தாமே தேர்ந்தெடுத்தது என்பதற்கு இருக்கும் வலிமையை எலன் லாங்கர் என்ற உளவியல் அறிஞர் 1975-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களிடம் ஒரு டாலர் லாட்டரிச் சீட்டுகளை விற்றார்கள். சிலர் தமக்கு வேண்டிய சீட்டைத் தாமே எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு ஏதோ ஒரு சீட்டு கொடுக்கப்பட்டது. பிறகு சீட்டைத் திருப்பி விற்பதானால் என்ன விலை என்று கேட்டபோது, கொடுத்ததை வாங்கிக்கொண்டவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள். தாமே எடுத்தவர்கள் 8.67 டாலர் கேட்டார்கள். சில நாள் கையில் இருந்த ஒரு காகிதத்துக்கே இந்தப் பற்று என்றால், குடும்பத்தையே ஏற்றிச் சென்ற காரின் எண்ணுக்கு, அதுவும் ஒரு முறை பரிசும் கொடுத்த எண்ணுக்கு, எவ்வளவு பற்று இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இங்கே உங்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அது செத்த நம்பர், இனி விழாது என்று நீங்கள் சொன்னது சரியல்ல. இத்தனை நாள் விழாததால் இப்போது விழும் நேரம் வந்துவிட்டது என்பது அப்பாவின் நம்பிக்கை. இத்தனை நாள் விழாததால் இனியும் விழாது என்பது உங்கள் வாதம். இரண்டுமே, குலுக்கும் இயந்திரத்துக்கு நினைவு இருப்பதாகக் கருதுகின்றன. 1913 ஆகஸ்ட் 18 அன்று மொன்டே கார்லோ சூதாட்ட விடுதியில், சுழலும் சக்கரத்தில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. இனிமேல் சிவப்புதான் என்று நம்பி ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாகக் கட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் மூன்று இலக்க லாட்டரியை ஆராய்ந்து 1993-இல் எழுதிய இருவர், ஓர் எண் விழுந்ததும் அதை எடுப்பவர்கள் சட்டென்று குறைந்துவிடுவதையும், மாதக்கணக்கில் மெல்ல மெல்லவே திரும்பி வருவதையும் கண்டார்கள். விழுந்த எண்ணும் விழாத எண்ணும் அடுத்த குலுக்கலில் ஒரே நிலையில்தான் நிற்கின்றன. வாரத்துக்கு மூன்று குலுக்கல் என்று வைத்துக்கொண்டால் 27 வருடத்தில் 4,212 குலுக்கல்கள் வரும். அத்தனையிலும் ஒரே எண்ணை எடுப்பவர்களில் மூவரில் இருவருக்கு முதல் பரிசு ஒரு முறைகூட விழாது. உங்கள் அப்பாவுக்கு நடந்திருப்பது பெரும்பான்மையோருக்கு நடப்பதுதான். பொய்யான வாதத்தை வைத்து அவரை வெல்ல முயன்றால், என்றாவது அந்த எண் விழும்போது உங்கள் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு முழுவதும் போய்விடும்.

பணக் கணக்கை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைச் சொல்லி யாரையும் நிறுத்த முடிந்ததாக நான் பார்த்ததில்லை. 23 பரிசுகளுக்கும் பணம் தரும் "பிக்" பந்தயத்தில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,500, இரண்டாம் பரிசு 1,000, மூன்றாம் பரிசு 500, ஸ்பெஷல் 180, ஆறுதல் 60 வெள்ளி. பத்தாயிரம் எண்களையும் ஒருவரே வாங்கினால் 10,000 வெள்ளி கொடுத்து 6,400 வெள்ளி பெறுவார். அப்பா வருடத்துக்கு ஏறக்குறைய 4,680 வெள்ளி கட்டுகிறார். ஐந்து எண்கள் எடுப்பவருக்குச் சராசரியாக வருடத்துக்கு இரண்டு பரிசுக்குச் சற்றுக் குறைவாக விழும். 23 பரிசுகளில் 20 சிறிய பரிசுகள் என்பதால் விழுவதும் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். ஆனால் எப்போது வரும் என்று தெரியாமல் எப்போதாவது வந்துபோகும் இந்தச் சிறிய வெகுமதிதான் ஒரு பழக்கத்தை மிகக் கெட்டியாக்குவது. தவறாமல் வரும் வெகுமதி நின்றுவிட்டால் பழக்கமும் விரைவில் நிற்கும். எப்போதாவது வரும் வெகுமதி நின்றுவிட்டதா, இன்னும் வரவில்லையா என்பதே தெரியாததால் மனம் காத்துக்கொண்டே இருக்கும்.

இப்போது அந்த அச்சத்துக்கு வருகிறேன். "விட்ட அன்று விழுந்தால்" என்ற எண்ணத்தை நெதர்லாந்தில் மார்செல் சீலென்பெர்க், ரிக் பீட்டர்ஸ் என்ற இருவர் 2004-இல் ஆராய்ந்தார்கள். அங்கே ஒரு லாட்டரியில் வீட்டு அஞ்சல் குறியீடுதான் சீட்டு எண். குறியீட்டுக்குப் பரிசு விழுந்தால், சீட்டு வாங்கிய பக்கத்து வீட்டுக்காரருக்குப் பணம் போகும். வாங்காதவர், வாங்கியிருந்தால் தமக்கும் கிடைத்திருக்கும் என்பதைத் தெருவிலேயே நின்று பார்க்க வேண்டியிருக்கும். நாளைக்கு வருந்த நேருமோ என்ற எண்ணம், சாதாரண லாட்டரியைவிட இந்த லாட்டரியில் மக்களை அதிகமாக வாங்கத் தூண்டியது. நம் ஊர் நாலு நம்பரில் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டவரின் நிலை இதைவிட நெருக்கடியானது. கண்ணை மூடிக் கையில் வந்த சீட்டை வாங்குகிறவர் வாங்காத நாளில், தாம் எதை வாங்கியிருப்பார் என்பதே அவருக்குத் தெரியாது. 4718 எடுப்பவருக்கோ, அவர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் முடிவு தெரிந்தே தீரும்: பத்திரிகையில் வரும், கைப்பேசியில் வரும், காலையில் காப்பிக் கடையில் யாராவது சொல்வார்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. டேனியல் கானெமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1982-இல் இரண்டு முதலீட்டாளர்களைப் பற்றி ஒரு கேள்வியை மக்களிடம் கேட்டார்கள். ஒருவர் தம்மிடமிருந்த பங்கை மாற்றாமல் வைத்திருந்து நட்டப்பட்டார்; மற்றவர் நல்ல பங்கை வைத்திருந்து, அதை மாற்றியதால் அதே அளவு நட்டப்பட்டார். யார் அதிகம் வருந்துவார் என்று கேட்டபோது மிகப் பெரும்பான்மையினர் மாற்றியவரைத்தான் சொன்னார்கள். வழக்கத்தில் இருந்துகொண்டு இழப்பதைவிட, வழக்கத்தை விட்டதால் இழப்பது அதிகம் சுடுகிறது. மாதம் 390 வெள்ளி போவது உங்கள் அப்பாவுக்கு வழக்கத்தில் போவது; அதில் யாரும் குற்றம் சொல்ல ஒரு தனி நாள் இல்லை. எடுக்காமல் விட்ட ஒரு சனிக்கிழமை மட்டும் அவர் மனத்தில் தேதியோடு நிற்கும். "நிறுத்துங்கள்" என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும், அந்தச் சனிக்கிழமையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வதாகத்தான் அவருக்குக் கேட்கிறது.

ஆகவே 4718-ஐ விடச் சொல்லாதீர்கள். இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் கணக்கும் மனமும் இரண்டுமே இந்த வழியைத்தான் காட்டுகின்றன. ஐந்து எண்களோடு இரண்டு குலுக்கலுக்கு ஒரு முறை சிவப்பு வட்டம் விழுகிறது. ஓர் எண் மட்டும் என்றால் ஏறக்குறைய எட்டுக் குலுக்கலுக்கு ஒரு முறைதான் விழும். வட்டங்கள் குறையக் குறைய மூளைக்குக் கிடைக்கும் உசுப்பலும் குறையும். செலவும் மாதம் 390-இலிருந்து 78 வெள்ளிக்கு இறங்கும். லாரியின் எண்ணிலும் கனவுப் புத்தக எண்ணிலும் தொடங்குங்கள். அவற்றுக்கு வேர் ஆழமாகப் போயிருக்காது, அவற்றை விடுவதில் அச்சமும் குறைவு. "அப்பா, காரு நம்பர எடுத்துக்கோங்க, அதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. லாரிக்காரன் நம்பர் நமக்கு எதுக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் உடனே ஒப்புக்கொள்ளாவிட்டாலும், முதல் தடவையாக நீங்கள் அவருடைய அச்சத்தைத் தொடாமல் பேசியிருப்பீர்கள்.

அம்மாவின் இரண்டு எண்களை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். ஓர் எண் ஐந்தானது அம்மா போன பிறகு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இறந்த தேதியையும் கட்டில் எண்ணையும் வாரத்துக்கு மூன்று நாள் எழுதிக் கொடுக்கும் மனிதர், பரிசை எதிர்பார்ப்பதைவிட அம்மாவை நினைத்துக்கொள்வதற்கு அதை ஒரு சாக்காக வைத்திருக்கிறார் என்றே நான் கருதுகிறேன். இரண்டு வருடமாக வீட்டில் அம்மாவைப் பற்றி அவரோடு யாராவது உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? சனி, ஞாயிறு மாலை நேரங்களில்தான் அவர் கடைக்குப் போகிறார் என்றால், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அந்த நேரத்தில் அவரை அழைத்துக்கொண்டு அக்கரையில் இருக்கும் தீவுக்குப் போங்கள். தண்ணீர்மலையோ, அம்மாவுக்குப் பிடித்த வேறு கோயிலோ, அவர்கள் இருவரும் முன்பு போய்வந்த இடமோ எதுவாகவும் இருக்கலாம். அவருடைய நினைவுக்கு வேறு ஓர் இடம் கிடைத்தால், அந்த இரண்டு எண்களையும் அவரே விடக்கூடும். கடவுள் காட்டிய எண் என்று அவர் சொன்னால் அந்த நம்பிக்கையோடு மோதவும் வேண்டாம்.

அந்த நோட்டை வைத்து அவரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பூஜ்யம் முதல் ஒன்பது வரை துண்டுச் சீட்டுகளில் எழுதி ஒரு கிண்ணத்தில் போட்டு, ஒவ்வொரு முறையும் எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கி, நான்கு நான்கு இலக்கமாக ஐந்து எண்களை அப்பாவையே எடுக்கச் சொல்லுங்கள். அவர் நோட்டிலேயே எழுதியிருக்கும் பழைய முடிவுகளோடு, ஒரு மாதத்துக்கு உரியவற்றை எடுத்துக்கொண்டு, அதே விதிப்படி நீல மையால் வட்டமிடுங்கள். ஒரே இலக்கம் ஒரே எண்ணில் இரண்டு முறை வந்திருந்தால் வட்டங்கள் சற்றுக் குறையும். மற்றபடி சிவப்பு வட்டங்களுக்கு நிகராகவே நீல வட்டங்களும் விழக் காண்பீர்கள். இதை இனி வரும் குலுக்கல்களோடு செய்யாதீர்கள். வாங்காத எண்ணுக்குப் பரிசு விழுந்துவிட்டால் அதுவே புதிய வருத்தமாகி, ஐந்து பத்தாகிவிடும். இந்தச் சோதனையால் பழக்கம் நின்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு கோடுகள் ஒரே நீளம் என்று அளந்து பார்த்த பிறகும் அம்புக்குறி வெளிப்பக்கம் விரிந்த கோடு நீளமாகவே தெரிகிற அந்தப் பழைய படத்தைப் போல, தெரிந்துகொள்வதால் தோற்றம் மறைவதில்லை. ஆனால் அடுத்த வட்டத்தைப் போடும்போது அவர் கை ஒரு கணம் நிற்கலாம். உங்களுக்கும் அந்த நோட்டின் மீது இருக்கும் மயக்கம் தெளியும்.

ஏ.டி.எம். அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது வேண்டாம். அது அவர் உழைத்துச் சேர்த்த பணம்; கடனும் இல்லை, பொய்யும் இல்லை என்னும்போது அதைப் பறித்தால் மறைக்கும் பழக்கம்தான் தொடங்கும். அவரே ஒப்புக்கொண்டால், மாதத் தொடக்கத்தில் நம்பருக்கென்று ஒரு தொகையை ஓர் உறையில் போட்டுவிட்டு, உறை தீர்ந்தால் அந்த மாதம் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஒப்புக்கொள்ளும் தொகை முதலில் 300 வெள்ளியாக இருந்தாலும் பரவாயில்லை. அன்றன்றைய மனநிலையில் எடுக்கும் முடிவைவிட, மாதம் பிறக்கும்போது அமைதியாக எடுத்த முடிவு நிதானமானது.

நோயா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வகைப்பாட்டில், சூதாட்டக் கோளாறு மது, போதைப்பொருள் பழக்கங்களோடு ஒரே பிரிவில் வைக்கப்பட்டது. நாளுக்கு நாள் கூடுதல் தொகை தேவைப்படுவது, நிறுத்த முயன்றால் எரிச்சலும் தவிப்பும் வருவது, விட்டதைப் பிடிக்க மறுநாளே மீண்டும் போவது, வீட்டில் பொய் சொல்வது, கடன் வாங்குவது போன்றவை அதன் அடையாளங்கள். எண்கள் பெருகியது ஒன்றைத் தவிர மற்றவை உங்கள் கடிதத்தில் இல்லை. அவை தென்பட்டால், முக்கியமாக ஆலோங்கிடம், அதாவது சட்டவிரோத வட்டிக்காரரிடம், கடன் வாங்கியதாகத் தெரிந்தால், வீட்டுக்குள் பேசித் தீர்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அரசாங்க சுகாதார கிளினிக்கில் சொல்லி, மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கடன் குவிந்திருந்தால், பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. நிறுவனம் கட்டணமில்லாமல் ஆலோசனை தருகிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று: எடுக்காத ஒரு நாளில் அவருடைய எண் உண்மையாகவே விழுந்துவிட்டால் என்ன செய்வது? அது நடக்காது என்று அவருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். ஓர் எண் ஏதாவது ஒரு பரிசில் விழுவதற்கு ஒவ்வொரு குலுக்கலிலும் பத்தாயிரத்தில் 23 வாய்ப்பு உண்டு; கைவிட்ட நான்கு எண்களில் ஏதாவது ஒன்று சராசரியாக வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் எங்காவது தலைகாட்டும். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி, அந்த நாளில் இருவரும் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை இப்போதே பேசி வையுங்கள். கைவிட்ட எண்களின் முடிவை அவர் பார்ப்பதில்லை, நோட்டில் எழுதுவதில்லை என்று ஒப்புக்கொண்டால் நல்லது. அப்படியும் யாராவது வந்து சொல்லிவிட்டால், அன்று வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஆறுதல் பரிசுதானே என்று சிறுமைப்படுத்தவும் வேண்டாம், எண்கள் எடுக்காததால் அந்த வருடம் மிஞ்சிய பணத்தை உடனே கணக்குக் காட்டவும் வேண்டாம். அவர் வருந்தட்டும். பக்கத்தில் இருந்து கேளுங்கள். அடுத்த குலுக்கலுக்கு எத்தனை எண் எடுப்பது என்ற பேச்சை இரண்டு நாள் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.